குப்பைமேட்டுக் கொள்ளிவாய்ப் பிசாசு

சதுப்பு நிலத்தில் இராக்காலத்தில் வெளிச்சம் தெரிந்தால் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லி நமது மக்கள் வெகுகாலமாய்ப் பயந்து வந்திருக்கிறார்கள். அதை ஓட்டுவதாகச் சொல்லி மந்திரவாதிகள் காசு பறித்ததும் யாவரும் அறிந்ததே. ஆனால் 1776-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்து வோல்ட்டா என்பவர் ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து நெருப்பு வைத்துப் பார்த்தார். பற்றி எரிந்தது. இலை தழைகள் காற்றுப்படாமல் அழுகும்போது உண்டாகும் அவ்வாயுவுக்கு இன்று மீத்தேன் என்று பெயர்.

நிற்க, பள்ளிக்கரணைச் சதுப்பில் உள்ள சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரல் கடைசியில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. கொச்சியை அடுத்த பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் பிடித்த தீயை அணைக்கப் பத்து நாளுக்கு மேலாயிற்று. துருக்கியின் இஸ்தான்புல் நகரக் குப்பைமேடு ஒன்றில் 1993-ல் இவ்வாயு வெடித்துக் குப்பை சரிந்து 39 பேர் மாண்டார்கள். இப்படிப்பட்டவற்றைக் காலக்கொடுமை என்றும் தலைவிதி என்றும் சொல்வது, பிசாசு என்று சொல்வதைவிட எவ்விதத்தில் மேலானது என்று கேட்கின்றோம்.

சோறும், காய்கறித் தோலும், எச்சில் இலையும், பிளாஸ்டிக்கும் ஒன்றாய்க் கொட்டப்பட்டு மலையாகும்போது அடியில் காற்றுப் புகுவதில்லை. அங்கு கிருமிகள் உண்டாக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. நூறு பங்கு காற்றில் 5 முதல் 15 பங்கு மீத்தேன் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும், வெடிப்பதற்கு. பூமியைச் சூடாக்குவதிலோ, நூறு வருஷக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 25 மடங்குக்கு மேல்.

இதற்குப் பரிகாரம் தெரியாததல்ல. பழைய மேட்டை மண்ணால் மூடி, துளையிட்ட குழாய்களை இறக்கி, வாயுவை யந்திரத்தால் உறிஞ்சி எரித்துவிடலாம், மின்சாரமும் எடுக்கலாம். அழுகும் குப்பையைத் தனியே பிரித்துக் காற்றோட்டமாய் மக்கவைத்தால் எருவாகும். மூடிய தொட்டியில் இட்டால் அடுப்பெரிக்க வாயு கிடைக்கும். வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டுமென்று 2016-ம் வருஷத்திலேயே சர்க்கார் விதியும் செய்தது.

பின் ஏன் பிரிப்பதில்லை? தன் வீட்டு எச்சிலைத் தொடுவது தனக்கு இழிவு, அதைத் தொடுவதற்கென்றே ஒரு கூட்டம் பிறந்திருக்கிறது என்ற ஜாதிப் புத்திதான் காரணம் என்போம். அதனாலேயே ஒருவன் சோம்பலாய்க் கலந்து கொட்டியதை மற்றொருவன் கையால் கிளறிப் பிரிக்கிறான். புகையைக் குடிப்பவர்களும் கொடுங்கையூர் போன்ற இடங்களில் குப்பைமேட்டின் பக்கத்தில் வாழும் ஏழைத் தொழிலாளிகளேயன்றி பங்களாவாசிகள் அல்லவே!

ஆகவே முனிசிபாலிடியார் குழாய் இறக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தொட்டி வைக்க முனிசிபாலிடியார் வரவேண்டியதில்லை. உண்மையான கொள்ளிவாய்ப் பிசாசு குப்பைமேட்டில் இல்லை. நமது மூளைக்குள் இருக்கிறது. முதலில் அதை ஓட்டுங்கள்.