ஷைலாக்கைத் தோற்கடித்தது போர்ஷியாவின் சாமர்த்தியமா?

'வெனிஸ் நகர வணிகன்' கதை பலருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்ததுதான். ஈவிரக்கமில்லாத வட்டிக்காரன் ஷைலாக், 3,000 டக்கட் கடனுக்கு ஈடாக அந்தோனியோவின் உடம்பில் ஒரு பவுண்டு சதை கேட்கிறான். வக்கீல் வேடத்தில் வரும் போர்ஷியா, சதையை எடுத்துக்கொள், ரத்தம் சிந்தக்கூடாது என்று மடக்கிவிடுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். சுபம்!

கைதட்டுவதற்கு முன் நான்காம் அங்கத்தை முழுசாகப் படித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் பற்றிய வாதத்திலேயே அந்தோனியோ பிழைத்துவிட்டான். அசலாவது கிடைக்குமா என்று கேட்டு, அதுவும் இல்லையென்றதும் ஷைலாக் கிளம்பப் பார்க்கிறான். அப்போதுதான் போர்ஷியா இன்னொரு சட்டத்தை எடுக்கிறாள். குடிமகனின் உயிருக்கு ஓர் அந்நியன் குறிவைத்தால் அவன் சொத்தில் பாதி அந்தக் குடிமகனுக்கு, மீதி அரசுக்கு. உயிர் டியூக்கின் கையில்.

கவனியுங்கள், 'அந்நியன்'! வீடு, மகள், தொழில் எல்லாம் வெனிசில்தான். பணம் தேவைப்பட்டபோது அவன் அந்நியன் என்பது யாருக்கும் தடையாக இல்லை. நிஜ வெனிசும் அப்படித்தான் இருந்தது. 1516-ல் யூதர்களைக் கெட்டோவில் ஒதுக்கி, இரவில் கதவைப் பூட்டியது. பகலில் அவர்களிடம் கடன் வாங்கியது.

ஷைலாக் கத்தி தீட்டியவன்தானே என்று கேட்கலாம். ஆமாம், தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அவன் தாடியில் துப்பிய, காலால் உதைத்த, இனியும் அப்படித்தான் செய்வேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன அந்தோனியோவுக்கு என்ன தண்டனை? அவன் குடிமகன் ஆயிற்றே!

அந்த அந்தோனியோதான் கடைசியில் 'கருணை' காட்டுகிறான். ஷைலாக் கிறிஸ்தவனாக மாற வேண்டுமாம். மறுத்தால் டியூக் கொடுத்த மன்னிப்பு ரத்து, அதாவது மரணம். கருணை பற்றிப் போர்ஷியா நீளமாகப் பேசிய அதே காட்சியில்தான் இதுவும் நடக்கிறது.

யூதனுக்கும் ரத்தம் வராதா என்று கேட்கும் வசனத்தை ஷேக்ஸ்பியர் அவனுக்குக் கொடுத்தாரே என்பார்கள். கொடுத்தார், மூன்றாம் அங்கத்தில். ஐந்தாம் அங்கத்தில் ஷைலாக்கே கிடையாது. நிலவு, இசை, மோதிரத்தை வைத்து விளையாட்டு. அவனிடமிருந்து வந்து சேர்வது ஒன்றுதான்: தனக்குப் பிறகு சொத்தெல்லாம் ஓடிப்போன மகளுக்கும் மருமகனுக்கும் என்று எழுதிக்கொடுத்த பத்திரம்.

இதைத்தான் இன்றைக்கும் இன்பியல் நாடகம் என்று பாடம் நடத்துகிறார்கள். யாருக்கு இன்பம்?