கால் குட்டையாகிக் கிடந்தால்



சில மாதங்களுக்கு முன், நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றேன். எழுபத்தெட்டு வயதுப் பாட்டியம்மாள். குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. "சுளுக்குத்தான் சாமி, எண்ணெய்க் கட்டுப் போட்டிருக்கிறோம். இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா?" என்றார் மகன். அவர் அன்பற்றவர் அல்லர். இரவெல்லாம் தாயருகே விழித்திருந்தவர்.

விழுந்த முதியவரின் கால் அவ்வாறு கிடந்தால் அது பெரும்பாலும் சுளுக்கு அன்று. தொடை எலும்பு இடுப்பருகே முறிந்ததன் அடையாளம். இடுப்புக் குழிக்குள் பந்துபோல் சுழலும் எலும்பின் தலையை உடலோடு இணைப்பது ஒரு குறுகிய கழுத்து. அந்தத் தலைக்குச் செல்லும் இரத்தம் பெரும்பகுதியும் அக்கழுத்தின் வழியே செல்கிறது. கழுத்து முறிந்து விலகினால் தலை பட்டுப்போகலாம். ஆகவேதான் முதியோருக்கு அதனை அகற்றிச் செயற்கைத் தலையைப் பொருத்துகின்றனர். முறிவு சற்றுக் கீழே இருந்தால் ஆணியும் திருகும் கொண்டு இணைப்பர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவை புதுமையான சிகிச்சைகள் அல்ல.

'வயதாயிற்று, படுத்திருக்கட்டும்' என்பதுதான் ஆபத்து. எலும்பைவிடப் படுக்கையே முதியோரைக் கொல்கிறது: படுக்கைப் புண், நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல், கால் நரம்பில் இரத்தம் உறைதல். உடல்நிலை இடம் கொடுத்தால் இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்துவதே இன்றைய முறை.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1994 ஏப்ரல் 28 இரவு குளியலறையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டபோது அவருக்கு வயது 73. மறுநாளே உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் செயற்கை மூட்டுப் பொருத்தினர். முன்போன்ற நடை திரும்பவில்லை; கைத்தடி துணையாயிற்று. எனினும் 1995 ஜனவரியில் மணிலாவில் இளையோர் முன் நின்றார்.

இளைஞரின் கதை வேறு. மோட்டார் சைக்கிள் விபத்தில் முறிவது பெரும்பாலும் எலும்பின் நடுத்தண்டு. வெளியே ஒரு துளியும் தெரியாமலே தொடைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் கசிந்துவிடும். இருவருக்கு நடுவே உட்காரவைத்து வண்டியில் கொண்டு போகாதீர்கள். முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டி, அசையாமல் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள். முன்பெல்லாம் காலில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் கிடத்துவார்கள். 1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்சர் என்னும் மருத்துவர் எலும்பின் உட்குழலில் எஃகு ஆணியைச் செலுத்தி முறிவைச் சேர்த்தார். அந்த வழியே இன்று பலர் சில நாட்களில் ஊன்றுகோலோடு வீடு திரும்புகின்றனர்.

பாட்டியம்மாளை அன்று மாலையே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அறுவை நன்றாகவே முடிந்தது. அந்த ஒன்பது நாட்களில் முதுகில் விழுந்த புண் ஆறத்தான் இரண்டு மாதங்கள் பிடித்தன. இப்போது நடைச்சட்டம் பிடித்துத் திண்ணை வரை வருகிறார். மகன் குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்து, தரையில் சொரசொரப்பான விரிப்பும் போட்டிருக்கிறார்.

அடுத்த முறை வீடு மந்திரிக்க வரும்போது உங்கள் குளியலறையையும் எட்டிப் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.