முடுக்கி வேண்டுமென்றால் கொம்பியூட்டர் பக்கம் போகாதே

மின்பொறியியல் படித்துத் துகள் முடுக்கியில் வேலை செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். மாமாமாரிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "அது பௌதிகக்காரரின் வேலை." "கொம்பியூட்டர் பக்கம் எடு, எங்கேயும் பிழைக்கலாம்." இரண்டுமே பிழை.

சைமன் வான் டெர் மீர் டெல்ஃப்டில் பொறியியல் படித்தவர். பிலிப்ஸ் நிறுவனத்தில் உயர் மின்னழுத்தக் கருவிகள் செய்துவிட்டு 1956இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்துக்குப் போனார். சிதறி ஓடும் துகள்களின் சமிக்ஞையைப் பிடித்துப் பெருக்கி, குறுக்குவழியாக அனுப்பி, அதே துகள்கள் வந்து சேரும் கணத்தில் ஒரு தட்டுத் தட்டி ஒழுங்காக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1984இல் பௌதிக நோபல் பரிசு. அவர் சேர்னில் பார்த்த இன்னொரு வேலை தெரியுமா? காந்தங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவிகள்!

அந்த வேலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். சேர்னின் 27 கிலோமீற்றர் வளையத்தில் துகள்களை வளைக்க 1232 காந்தங்கள். முழுச் சக்தியில் ஓட்ட ஏறக்குறைய 11,850 அம்பியர் வேண்டும். அதிலே பிழை பத்து இலட்சத்தில் சில பங்குக்கு மேல் போகக்கூடாது. 2008 செப்டெம்பர் 10 அன்று முதல் கற்றை சுற்றியது. ஒன்பதாம் நாள் எல்லாம் நின்றது. காரணம் மென்பொருள் அல்ல, இரண்டு காந்தங்களுக்கு நடுவே சரியாகப் பொருந்தாத ஒரு மின் இணைப்பு. திரும்ப ஓட ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

ஆகவே பவர் எலெக்ட்ரோனிக்ஸ் எடுங்கள், அல்லது ரேடியோ அலைப் பொறியியல் எடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது. துகளைத் தள்ளுவதே அந்த அலைதான். அந்த வளையத்தில் 400 மெகாஹேர்ட்ஸ், ஒவ்வொரு கிளைஸ்ட்ரோனும் 300 கிலோவாட். பிழைப்புக்குப் பயப்படும் மாமாவுக்கும் பதில் உண்டு: ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் இயந்திரமும் ஒரு முடுக்கிதான், மைக்ரோவேவில் ஓடுவது.

முடுக்கிக்குக் கட்டுப்பாட்டு மென்பொருளும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சோறு போடுவதே மென்பொருள்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்: நிரலாக்கத்தைக் குசினி மேசையில் இருந்தே பழகலாம். கிளைஸ்ட்ரோனை எந்தக் குசினியில் வைப்பீர்கள்? மின்காந்தவியல் பாடம் கஷ்டம், புள்ளி குறையும் என்று மூன்றாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் ஓடாதீர்கள். கனடாவில் இருக்கிறீர்களா? வன்கூவரில் 1974 முதல் சைக்ளோட்ரோன் ஓட்டும் ட்ரையம்ஃப் ஆய்வுகூடம் மாணவர்களைக் கோ-ஒப் வேலைக்கு எடுக்கிறது. அந்தப் பாடம் முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள்.