மினி பஸ்ஸும் நமது வியாபாரமும்

பஸ் போகாத கிராமங்களை டவுனோடு இணைக்க 1997ஆம் ஆண்டு தமிழக அரசு மினி பஸ் திட்டத்தைக் கொண்டுவந்ததை வணிகப் பெருமக்கள் அறிவீர்கள். தடத்தின் நீளம் 20 கிலோமீட்டர். அதில் 16 கிலோமீட்டர் பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும், பஸ் ஓடும் சாலையில் 4 கிலோமீட்டர்தான் வரலாம் என்பது அன்றைய விதி. நோக்கம் நல்லதே. ஆனால் அந்த 4 கிலோமீட்டர் பல இடங்களில் கடைவீதி வரை எட்டவில்லை. பாதி வழியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும் என்றால் யார் ஏறுவார்கள்? வசதி வந்தவர்கள் டூ வீலர் வாங்கிக்கொண்டார்கள். டிக்கெட் குறைந்ததால் டிரிப் குறைந்தது; டிரிப் குறைந்ததால் இருந்த கூட்டமும் போயிற்று.

இப்போது விதி தளர்ந்திருக்கிறது. 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்ட புதிய திட்டப்படி தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் 65 சதவீதம் பஸ் இல்லாத சாலையாக இருந்தால் போதும். கணக்குப் போட்டால், 4 கிலோமீட்டராக இருந்தது எட்டேமுக்கால் கிலோமீட்டர் ஆகிறது. டவுனுக்குள் வந்து சேர இது போதும்.

ஆனால் பர்மிட் கிடைத்துவிட்டால் பஸ் நிறைந்துவிடாது. அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. தனியார் மினி பஸ்ஸிலோ காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். காசு கொடுப்பவர் நேரத்தை எதிர்பார்ப்பார். காலை டிரிப் கடை திறக்கும் முன்பே வந்து திரும்பிவிட்டால், மளிகைச் சிட்டையோடு வரும் தாய்மார்களுக்கு அந்த பஸ் எதற்கு? எந்த ஊர்க்காரர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சாமான் வாங்க வருகிறார் என்பது ஆர்.டி.ஓ. அலுவலகத்தை விட நம் கல்லாவுக்கு நன்றாகத் தெரியும். சந்தை நாள் நேரத்தை மினி பஸ் உரிமையாளரிடம் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். பஸ் நேரத்தை எழுதி ஒரு அட்டையைக் கடை வாசலில் தொங்கவிட என்ன செலவாகிவிடும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைக்கு முன்னால் பஸ் நின்றால் வாசல் மறைகிறது என்று ஸ்டாப்பைத் தள்ளி வைக்கச் சொல்லி மனுக் கொடுக்கும் வணிகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வாசலை மறைத்து நிற்கிற பஸ்ஸிலிருந்துதான் வாடிக்கையாளர் இறங்குகிறார் என்பதை அவர்கள் யோசிக்கட்டும்!

கிராமத்துப் பெட்டிக்கடைக்காரர்களின் சங்கடம் வேறு. மொத்தக் கடையில் அரை மூட்டை சர்க்கரையும் ஒரு டின் எண்ணெயும் எடுத்தால் கண்டக்டர் முகம் சுளிக்கிறார். மினி பஸ்ஸில் இடம் குறைவு என்பது உண்மையே. கூட்டமில்லாத மதிய டிரிப்பில் லக்கேஜ் ஏற்ற உரிமையாளர் சம்மதித்தால், அவருக்கும் லக்கேஜ் கட்டணம் சேரும்; நமக்கும் ஆட்டோ வாடகை மிஞ்சும்.

கடைசி டிரிப்தான் முக்கியம். மினி பஸ் ஏழு மணிக்கே திரும்பிவிட்டால் கடைப் பையன்கள் அதில் எப்படிப் போவார்கள்? ஒன்பது மணிக்கு ஒரு டிரிப் கேட்டு, கடைகளில் வேலை பார்ப்பவர்களின் ஊர், எண்ணிக்கையோடு ஒவ்வொரு கிளைச் சங்கமும் மனு எழுதட்டும். அத்தனை டிக்கெட் உறுதி என்று தெரிந்தால் எந்த உரிமையாளரும் அந்த டிரிப்பை யோசித்துப் பார்ப்பார்.