ஸ்டென்ட் வைத்த பிறகு யார் பொறுப்பு?

நம் கேத் லேப்களில் நடக்கும் வேலையின் தரத்தில் இன்று பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. சூரிச் நகரில் 1977 செப்டம்பர் 16 அன்று, விழித்திருந்த 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனிக்குள் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதல் பலூனை விரித்தார். பலூனை மட்டும் நம்பியிருந்த அந்தக் காலத்தில், விரித்த இடம் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மீண்டும் சுருங்கியது. 1986இல் ஸ்டென்ட் வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் பரவலானது. இன்று அந்தச் சிக்கல் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. விலையும் கைக்கு எட்டியது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது.

நுட்பம் கைவந்துவிட்டது, விலை இறங்கிவிட்டது. ஆனால் நோயாளி மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் அவர் யார் பொறுப்பில் இருக்கிறார் என்பதற்கு நம்மிடம் தெளிவான பதில் இல்லை. ஸ்டென்ட் வைத்த முதல் ஓராண்டை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதே இந்த இதழில் நாங்கள் எழுப்பும் கேள்வி.

இதில் நம் பேச்சுக்கும் பங்கு உண்டு. “அடைப்பை எடுத்தாச்சு, இனி பயமில்லை” என்று வார்டில் சொல்கிறோம். ஆறுதலுக்காகச் சொல்வதுதான். நோயாளி அதை ‘நோய் தீர்ந்தது’ என்று எடுத்துக்கொண்டு போகிறார். மாரடைப்பின் நடுவே அவசரமாகத் திறக்கும் தமனி உயிரைக் காக்கிறது. அதில் இரண்டு கருத்து இல்லை. நிலையான நெஞ்சுவலியோடு வருபவர்களின் கதை வேறு. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வும், 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் ஒரே திசையைக் காட்டின. முறையான மருந்துச் சிகிச்சை கிடைப்பவர்களுக்கு, தொடக்கத்திலேயே தமனியைத் திறப்பதால் மரணமோ மாரடைப்போ ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை, நெஞ்சுவலி குறைந்தது. ஸ்டென்ட் இருபது முப்பது மில்லிமீட்டர் நீளத்துக்குப் பொறுப்பேற்கிறது. மீதித் தமனி முழுவதையும் மாத்திரையும், நடையும், புகையிலையைக் கைவிடுவதும்தான் காக்க வேண்டும்.

நம்முடைய டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எந்தத் தமனி, எத்தனை சதவீத அடைப்பு, ஸ்டென்ட்டின் பெயர், விட்டம், நீளம், எத்தனை அட்மாஸ்பியர் அழுத்தத்தில் விரித்தோம், கடைசியில் டிமி-3 ரத்த ஓட்டம் என எல்லாம் துல்லியமாக இருக்கும். கீழே இறங்கினால் எட்டு மருந்துகள் ஒரே அட்டவணையில், 1-0-1, 0-0-1 என்று நிற்கும். அதற்கும் கீழே ‘மருந்துகளைத் தொடரவும், ஓ.பி.யில் காட்டவும்’ என்று ஒரு வரி. இந்த எட்டில் எந்த இரண்டை ஒரு வேளைகூட விடக் கூடாது? எந்தத் தேதி வரை? சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? இவற்றுக்குத் தாளில் இடமில்லை. முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், பல குடும்பங்களில் அதைப் படித்து விளக்கும் கடைசி ஆள் மருந்துக் கடையில் நிற்கும் பையன்தான்.

அந்த இரண்டு ஆன்டிபிளேட்லெட் மாத்திரைகளின் கால அளவு நமக்குத் தெரியாததல்ல. மாரடைப்பு, அதை ஒட்டிய நிலைகள் என்றால் பொதுவாக 12 மாதம். நிலையான நோய்க்குத் திட்டமிட்டு வைத்த ஸ்டென்ட் என்றால் 6 மாதம். ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைவது அரிது. உறைந்தால் உயிருக்கே ஆபத்து. நேரத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்துவது அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. நோயாளிகள் அலட்சியத்தால் நிறுத்துகிறார்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். பெரும்பாலும் யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள், அல்லது நாம் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று அவர்களைப் பயமுறுத்துகிறது.

டைகாக்ரெலரை எடுத்துக்கொள்வோம். அதை உட்கொள்பவர்களில் ஏழில் ஒருவருக்கு மூச்சு முட்டும் உணர்வு வரலாம். சொல்லி அனுப்பாவிட்டால், ‘இதயம் மறுபடி பலவீனமாகிவிட்டது’ என்று பயந்து அருகிலுள்ள கிளினிக்குக்குப் போவார். அங்கே சிறுநீர் மாத்திரையோ இன்ஹேலரோ சேரும். கடைசியில் அவரே டைகாக்ரெலரை நிறுத்திவிடுவார். “மூச்சு முட்டினால் எங்களிடம் வாருங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருகிறோம், நீங்களாக நிறுத்தாதீர்கள்” என்ற ஒரே வாக்கியம் இதைத் தடுக்கும்.

அடுத்தது பல். “ஒரு வாரம் ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள், பிடுங்கிவிடலாம்” என்ற அறிவுரை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான பல் பிடுங்கல்களை இரண்டு மாத்திரைகளும் தொடரும்போதே, அந்த இடத்தில் ரத்தத்தைக் கட்டுப்படுத்திச் செய்ய முடியும். கண்புரை அறுவைக்கும் நிறுத்தத் தேவை வருவதில்லை. அவசரமில்லாத குடலிறக்க அறுவையைத் தள்ளிப்போடலாம். பல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கேட்பதற்கு முன்பே நம் தாள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடிய ஒமிப்ரசோல், பெயர் மாறி வந்த அட்டையைப் புது மருந்தென்று நினைத்து ஒரே மருந்தை இரண்டாகச் சாப்பிடுவது ஆகியவையும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டியவை.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருவோம். 2016இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி, உடற்பயிற்சியை மையமாகக் கொண்ட பயிற்சி இதயநோய் மரணத்தை 10.4 சதவீதத்திலிருந்து 7.6 ஆகவும், மருத்துவமனையில் மீண்டும் சேர்வதை 30.7 சதவீதத்திலிருந்து 26.1 ஆகவும் குறைத்தது. ஆனால் வாரம் மூன்று நாள் பேருந்து ஏறி நகரத்துக்கு வந்து டிரெட்மில்லில் நடப்பது கிராமத்து நோயாளிக்கு ஆகாத காரியம். இந்தியாவில் 24 மையங்களில் ஏறத்தாழ 4,000 பேரிடம் நடந்த யோகா-கேர் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. மரணத்தையும் மறு மாரடைப்பையும் அது தெளிவாகக் குறைத்ததாக நிறுவ முடியவில்லை. என்றாலும், யோகா வகுப்புக்கு வந்தவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவதிலும், தம் உடல்நலத்தைத் தாமே மதிப்பிடுவதிலும் முன்னே நின்றார்கள். கருவி இல்லாமலும் பயிற்சி தரலாம் என்பதற்கு அது போதும்.

வகுப்பு நடத்த இடமில்லாத மருத்துவமனையும் நடையை மருந்துபோல எழுதிக் கொடுக்கலாம். சிக்கலின்றி வீடு திரும்புபவருக்கு முதல் வாரம் சமதரையில் ஐந்து பத்து நிமிடம், காலையும் மாலையும். வாராவாரம் கூட்டி, ஆறாவது வாரத்தில் அரை மணி நேரம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். நெஞ்சு இறுகினால் நின்றுவிட வேண்டும். வலி விடவில்லை என்றால் 108. இப்படி எழுதாவிட்டால் குடும்பமே அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறது. டூவீலர் ஓட்டலாமா, குடம் தூக்கலாமா, வயலுக்குப் போகலாமா என்று நோயாளிகள் கேட்கிறார்கள். மனைவியோடு சேரலாமா என்று யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. இரண்டு மாடி ஏறியும் தொந்தரவு இல்லாதவருக்குப் பொதுவாகத் தடையில்லை என்பதையும், நைட்ரேட் எடுப்பவர் சில்டெனாஃபில் பக்கம் போகக் கூடாது என்பதையும் நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டில் இதன் முன்பாதி ஏற்கெனவே நடந்து காட்டப்பட்டிருக்கிறது. சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள மையங்களையும் ஆம்புலன்ஸ், இ.சி.ஜி. வழியே இணைத்த தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தின் முடிவுகள் 2017இல் வெளியாயின. 2,420 நோயாளிகளிடம் ஓராண்டு மரணம், திட்டத்துக்கு முன் இருந்த 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் தவணை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. நோயாளி மையத்துக்கு வரும் பாதை போடப்பட்டுவிட்டது. அதே பாதையில் தகவல் திரும்பிப் போவதில்லை.

எனவே, ஒவ்வொரு கேத் லேபும் மூன்றைச் செய்யலாம். முதலாவது, தமிழில் ஒரு பக்கத் தாள்: விடக் கூடாத இரண்டு மாத்திரைகள், அவை முடியும் தேதி, ஒரு தொலைபேசி எண். இரண்டாவது, ஏழாம் நாளும், முப்பதாம் நாளும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் நோயாளியை அழைத்துப் பேசும் ஒரு செவிலியர். அது அவருடைய பணி விவரத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, நோயாளியின் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு ஒரு கடிதம்: ஆறு வாரத்துக்குள் கொழுப்புப் பரிசோதனை, எல்.டி.எல். 55க்குக் கீழ் வராவிட்டால் என்ன செய்வது, எதற்கு உடனே திருப்பி அனுப்புவது.

நம் ஆண்டறிக்கைகள் எத்தனை ஆஞ்சியோபிளாஸ்டி செய்தோம் என்று சொல்கின்றன. இனி பன்னிரண்டாம் மாதத்தின் நான்கு எண்களையும் அவற்றோடு சேர்ப்போம்: உரிய காலம் வரை இரண்டு மாத்திரைகளையும் தொடர்ந்தவர்கள், எல்.டி.எல். இலக்கை எட்டியவர்கள், புகையிலையை விட்டவர்கள், வேலைக்குத் திரும்பியவர்கள். முதல் ஆண்டுக் கணக்கு எந்த மருத்துவமனைக்கும் பெருமை தருவதாக இருக்காது. அப்படியே அனுப்புங்கள், இந்த இதழ் அதை வெளியிடும்.