பல்லைத் தொடுற கை யாருடையது?

ஓ.எல். முடிச்ச தங்கச்சிமாருக்கு இப்ப ரெண்டு கோர்ஸ் பேரு காதுல விழுது: டென்டல் அசிஸ்டன்ட், டென்டல் ஹைஜீன். ரெண்டும் பல்லு சம்பந்தப்பட்ட வேலைதானே, எதைப் படிச்சா என்னனு கேக்கிறாங்க. ரெண்டும் ஒன்று இல்லைனு நாங்க சொல்றோம்.

அசிஸ்டன்ட் டொக்டருக்குப் பக்கத்துல நிக்கிறவர். கருவிகளைக் கிருமி நீக்கி வைப்பார், கேட்டதை எடுத்துக் குடுப்பார், எச்சில் உறிஞ்சிற குழாயைப் பிடிப்பார். ஹைஜீனிஸ்ட் தன் கையாலேயே வேலை செய்றவர். பல்லுல படிஞ்ச காரையை எடுப்பார், ஈறைச் சோதிப்பார், நோய் வராம இருக்க வழி சொல்லுவார்.

ஒரு வேடிக்கை என்னன்னா, ஹைஜீனிஸ்ட் என்ற தொழிலே ஒரு அசிஸ்டன்ட்டில இருந்துதான் பிறந்தது. 1906இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்துல அல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் வைத்தியர், தன்னுடைய உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யப் பழக்கினார். உலகத்தின் முதல் ஹைஜீனிஸ்ட் அவர்தான்.

இங்க அந்த ஏணி இல்லை. நம்ம நாட்டுல ஹைஜீனிஸ்ட்டுக்கு ஆகக் கிட்ட வர்ற அரச வேலை, பாடசாலைப் பற்சிகிச்சையாளர். மகரகமவில் பயிற்சி எடுத்து, 13 வயசு வரையான பிள்ளைகளோட பல்லைப் பார்க்கிறவங்க. அதுக்குப் போக உயர்தரத்துல விஞ்ஞானம் வேணும். டவுன் கிளினிக்குல பத்து வருஷம் அசிஸ்டன்டா நின்றாலும் அந்த அனுபவம் அங்க கதவைத் திறக்காது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள்ல தமிழ் மொழியில உயர்தர விஞ்ஞானம் படிக்கிற பாடசாலைகளை விரல் விட்டு எண்ணலாம். நாங்க பலபேர் கலைப்பீடத்துக்கு வந்ததும் அதனாலதான். கலை பிடிச்சிருந்தது உண்மை. வேற கதவு இல்லாததும் உண்மை. அப்போ, "எந்த வேலை நல்லது?"னு ஒரு தோட்டத்துப் பிள்ளைகிட்ட கேக்கிறதுக்கு முன்னாடியே, பாதி பதிலைப் பாடசாலை சொல்லி முடிச்சிருது.

நட்டம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை. 2006-07இல் சப்ரகமுவ மாகாணத்துல 30 வயசு தாண்டினவங்களை ஆய்வு செஞ்சப்போ, ஏறத்தாழ 11 வீதமானவங்களுக்குப் புற்றுநோயா மாறக்கூடிய மாற்றங்கள் வாய்க்குள்ள இருந்தது. முக்கியக் காரணம் வெத்தல போடுறது. மலையேறி கொழுந்து பறிக்கிற, விடியக்காலையில பால் வெட்டப் போற நம்ம அம்மா, அப்பாவோட பழக்கம் அது. வாய்க்குள்ள பார்க்கத் தெரிஞ்சு, அதைத் தமிழ்ல பக்குவமாச் சொல்லத் தெரிஞ்ச ஆள்தான் தோட்டத்துக்கு வேணும்.

அசிஸ்டன்ட் வேலை குறைஞ்ச வேலைனு நாங்க சொல்லல. காசு கட்ட முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: நிறுவனம் மூன்றாம் நிலைக் கல்வி ஆணைக்குழுவுல பதிவா? என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்குமா? படிச்சு முடிச்சா என் கை என்ன செய்யலாம்?

நாலாவது கேள்வி மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கும், நாம ஓட்டுப் போட்டு அனுப்பினவங்களுக்கும்: எங்க பாடசாலைக்கு விஞ்ஞான டீச்சர் எப்ப வருவாங்க? அதைத் தங்கச்சி தனியா கேக்க ஏலாது. நாம எல்லாரும் சேர்ந்து கேக்கணும்.