அந்த ட்யூப்ல என்ன இருக்கு பாஸ்?

புரொபசர் போர்டு பக்கம் திரும்புறார். அந்த கேப்புல டெஸ்க்குக்கு அடியில ஒரு கை போய் தொடையிடுக்கை வறட் வறட்னு சொறியுது... யாருன்னு கேக்கல பாஸ், உங்க பக்கத்து சீட்டுன்னே வச்சுக்குவோம்!

இந்த வாரம் அந்த அரிப்பு பத்தியும், அதுக்கு நம்மாளுங்க பாக்குற வைத்தியம் பத்தியும்தான். நேரா மெடிக்கல் ஷாப். "அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க." அவரும் சீட்டு கீட்டு கேக்காம ஒரு ட்யூபை எடுத்து நீட்டுறார். ரெண்டே நாள்ல அரிப்பு காலி! அப்புறம் அந்த ட்யூப் ஹாஸ்டல்ல ரூம் ரூமா டூர் போகுது.

தடவுறதை நிறுத்தினதும்தான் இருக்கு கச்சேரி. ஒரு ரூபா அளவு இருந்தது, உள்ளங்கை அளவுக்குப் பரவியிருக்கும்.

காரணம் சிம்பிள். இப்படிக் கை மாறுற ட்யூப்கள் பலதுல பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டுன்னு எல்லாம் கலந்த கூட்டாஞ்சோறுதான். அரிப்பைச் சட்டுனு அடக்குறது ஸ்டீராய்டு. தோல்ல நம்ம உடம்பு போடுற சண்டையை அது அமுக்கிடும். சிவப்பும் அரிப்பும் போயிடும். ஆனா எதிராளி பூஞ்சையா இருந்தா, போலீசைத் தூங்க வச்சுட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான்.

அந்தப் பூஞ்சைதான் படர்தாமரை. தொடையிடுக்கு, இடுப்புன்னு வேர்வை தங்குற இடத்துல வட்டமா வரும். ஓரம் சிவந்து செதிலா இருக்கும், நடுவுல கொஞ்சம் தெளிவா இருக்கும். டவல், ஜீன்ஸ் மாத்திப் போட்டா அடுத்தவனுக்கும் ஒட்டும். எக்ஸிமா வேற. பாட்டிங்க கரப்பான்னு சொல்வாங்களே, அது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னாடியெல்லாம் வறண்டு தடிச்சு நமைக்கும். இது யாருக்கும் ஒட்டாது. அதனால அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காரத் தயங்காதீங்க, ப்ளீஸ்.

வேடிக்கை என்னன்னா, எக்ஸிமாவுக்கு ஸ்டீராய்டு க்ரீம்தான் நல்ல மருந்து. எவ்வளவு வீரியம், எந்த இடத்துல, எத்தனை நாள்னு டாக்டர் சொல்லணும், அவ்வளவுதான். அதே க்ரீம் படர்தாமரைக்கு உரம். தொடையிடுக்குல மாசக்கணக்கா தடவினா தோல் மெலிஞ்சு, பிரசவத் தழும்பு மாதிரி கோடு விழும். அது அழியாது. 'கலர் வரும்'னு முகத்துல தடவுற கூத்து தனிக் கதை.

க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்... ட்யூப்ல பொடி எழுத்துல இதுல ஏதாவது இருந்தா அது ஸ்டீராய்டு. 2018-லேயே மத்திய அரசு இந்த மாதிரி க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 'ஷெட்யூல் ஹெச்' பட்டியல்ல போட்டாச்சு. கடைக்கார அண்ணனுக்கும் தெரியும்.

இன்னொரு 'பெருமை'. 2020-ல ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு நம்ம நாட்டுப் பேரையே சேர்த்து 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே'ன்னு வச்சாங்க. டெர்பினாஃபின்ங்கிற வழக்கமான மருந்துக்குப் பல சமயம் அது மசியறதில்ல. இது இப்படிப் பரவினதுக்கு டாக்டர்கள் கைகாட்டுற காரணங்கள்ல நம்ம கூட்டாஞ்சோறு ட்யூபும் ஒண்ணு.

சரி, என்னதான் பண்றது? எக்ஸிமான்னா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேணாம். குளிச்சு ஒத்தித் துடைச்சு, ஈரம் காயுறதுக்குள்ள வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ தாராளமா பூசுங்க. தினமும். படர்தாமரைன்னா ஈர ஜட்டிக்கும் டைட் ஜீன்ஸுக்கும் லீவு விடுங்க. டவல் தனி. துணியை வெயில்ல காயப்போடுங்க. ரூம்மேட்டுக்கும் இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே வைத்தியம் பாருங்க, இல்லேன்னா மாத்தி மாத்திப் பந்து விளையாட்டுதான். அரிப்பு நின்னாலும் டாக்டர் சொன்ன வாரக் கணக்கை முடிக்கணும்.

'அந்த' இடத்தைக் காட்ட வெக்கமா? தோல் டாக்டருக்கு அது நாளைக்கு இருபதாவது கேஸ். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்தா பூஞ்சையா இல்லையான்னு தெரிஞ்சிடும். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் நோய்ப் பிரிவு இருக்கு. காலையில போய் ஓ.பி. சீட்டு போட்டாப் போதும். ஸ்டீராய்டு தடவின படர்தாமரை வட்டம் கலைஞ்சு ஆளையே ஏமாத்தும். அதனால இதுவரை தடவின ட்யூபையும் மறக்காம பாக்கெட்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.